முகத்தைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிட முடியுமா?

உங்கள் கேள்வி இதுதான். காசாளர் வேலைக்கு வந்த ஒருவருக்குச் சான்றிதழ், முன் அனுபவம் எல்லாம் சரியாக இருந்தும், "திருட்டு முழி முழிக்கிறான், வேண்டாம்" என்று மேலாளர் ஒதுக்கிவிட்டார். இருபது வருஷமாக ஆள் எடுக்கிறேன், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். இப்படி முகத்தை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டா, எல்லாரும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்களா, அந்தக் கணிப்பு பலிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லா நாட்டிலும் உண்டு. ஓரளவு ஒரே மாதிரி பார்க்கிறார்கள், மீதி ஊருக்கு ஊர் மாறுகிறது. பலிப்பதைப் பொறுத்தவரை, ஒரு மனிதர் நாணயமானவரா என்பதை முகத்தின் அமைப்பை வைத்துச் சொல்ல முடியும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. உளவியல் வகுப்பில் மாணவர்கள் கடைசிவரை விட்டுக்கொடுக்க மறுப்பது இந்த மூன்றாவது விஷயத்தைத்தான். அதனால் அடிப்படையிலிருந்தே சொல்கிறேன்.

2006இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடோரோவ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாதவர்களின் முகப் படங்களை, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மட்டும் திரையில் காட்டினார்கள். கண்ணை ஒருமுறை சிமிட்டவே அதைவிட அதிக நேரம் ஆகும். இவர் நம்பத்தக்கவரா, திறமைசாலியா, முரடரா என்று உடனே கேட்டார்கள். வேறொரு குழுவுக்கு அதே படங்களை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கொடுத்தார்கள். இரண்டு குழுவின் பதில்களும் பெரிதும் ஒத்துப்போயின. மிக அதிகமாக ஒத்துப்போனது நம்பகத்தன்மை பற்றிய பதில். இன்னொன்றையும் கவனித்தார்கள். அரை நொடி, ஒரு நொடி என்று நேரத்தைக் கூட்டியபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை, தன் தீர்ப்பின்மேல் ஆளுக்கு இருந்த உறுதிதான் கூடியது. உங்கள் மேலாளர் அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து பேசியதால் அந்த ஆளை நன்றாகப் புரிந்துகொண்டதாக நினைக்கிறார். கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்த நொடியிலேயே மேலாளரின் மனம் முக்கால்வாசி முடிவை எடுத்திருக்கும்.

மூன்று நான்கு வயதுக் குழந்தைகளே இதைச் செய்கிறார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், எந்த முகம் நல்லவர் முகம் என்று கேட்டபோது அந்த வயதுப் பிள்ளைகள் பெரியவர்கள் காட்டிய அதே முகத்தையே பெரும்பாலும் காட்டினார்கள். மூளையில் இதற்கென ஈடுபடும் பகுதியும் ஓரளவு தெரிந்ததுதான். அமிக்டலா என்னும் பகுதி இரண்டு பக்கமும் சேதமடைந்த மூன்று நோயாளிகளை ரால்ஃப் அடால்ஃப்ஸ் குழுவினர் 1998இல் ஆராய்ந்தார்கள். மற்றவர்கள் 'இந்த ஆள் பக்கமே போகக்கூடாது' என்று ஒதுங்கிய முகங்களைக்கூட இந்த நோயாளிகள் நம்பலாம் என்றார்கள். ஆக, இது படித்தவர், படிக்காதவர், நல்லவர், பொல்லாதவர் எல்லாருக்கும் உள்ள பழக்கம். மேலாளர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

அப்படி முகத்தில் எதைத்தான் பார்க்கிறோம்? 2008இல் நிகோலாஸ் ஓஸ்டர்ஹாஃப், டொடோரோவ் இருவரும் கணினியில் உருவாக்கிய முகங்களை வைத்து இதைப் பிரித்துப் பார்த்தார்கள். எந்த உணர்ச்சியும் காட்டாத முகங்கள்தான் எல்லாமே. மக்கள் எவற்றை நம்பினார்கள், எவற்றை நம்பவில்லை என்று கணக்கெடுத்து, அந்த வேறுபாட்டைக் கணினி வழியாக மேலும் மேலும் பெரிதாக்கினார்கள். நம்பத்தக்க பக்கம் பெரிதாக்கப் பெரிதாக்க முகம் சிரிப்பதுபோல் ஆனது. எதிர்ப்பக்கம் பெரிதாக்க, முகம் கோபப்படுவதுபோல் ஆனது. உதட்டின் ஓரம் இயல்பிலேயே லேசாக மேலே ஏறியிருந்தால் நல்லவர். புருவத்தின் உள்முனை கீழே இறங்கியிருந்தால் சந்தேகம். அந்த மனிதர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. எலும்பும் தசையும் பிறவியில் அமைந்த விதம் அது. ஆனால் பார்ப்பவர் மனம் அதைச் சிரிப்பின் சாயலாகவும் கோபத்தின் சாயலாகவும் எடுத்துக்கொண்டு, ஒரு படி மேலே போய்க் குணமாகவே முடிவுகட்டிவிடுகிறது.

கண்ணாடி முன்னால் நின்று இதை நீங்களே பார்க்கலாம். முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் கண்ணாடியை நேராகப் பாருங்கள். இப்போது பார்வையை எடுக்காமல், வாயைத் திறக்காமல், தலையை மட்டும் சற்றே தாழ்த்துங்கள். முகத்தில் ஒரு தசையையும் அசைக்கவில்லை, ஆனால் கோணம் மாறியதால் புருவங்கள் நடுவில் சரிந்து இறங்கியதுபோல் தெரியும், முகத்தில் ஒரு மிரட்டல் வந்துவிடும். கனடாவில் சக்கரி விட்கோவர், ஜெசிக்கா டிரேசி இருவரும் 2019இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பிறகு நிகரகுவா நாட்டில், வெளியுலகக் கலப்பு குறைந்த மயாங்னா பழங்குடி மக்களிடம் இதேபோன்ற படங்களைக் காட்டினார்கள். அவர்களும் தலை தாழ்த்திய முகத்தையே ஆதிக்கக்காரர் முகம் என்றார்கள். டிவியும் சினிமாவும் பழக்கிவிட்ட பார்வை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எங்கும் பொதுவாக உள்ளது என்று நான் சொன்ன பங்கு இதுதான்: உணர்ச்சியைப் படிக்கும் கண். கோபமாக இருப்பவரிடமிருந்து விலகவும் அன்பாக இருப்பவரிடம் நெருங்கவும் மனிதருக்கு அந்தக் கண் தேவை. உணர்ச்சியே இல்லாத இடத்திலும் அது வேலை செய்துவிடுவதுதான் கோளாறு.

இனி வேறுபாடுகளுக்கு வருகிறேன். இத்துறையின் ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தவை. அது போதாது என்று உலகம் முழுக்கப் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 41 நாடுகளில் 11,570 பேரிடம் ஒரே சோதனையை நடத்தி 2021இல் வெளியிட்டன. 120 முகங்கள், 13 குணங்கள். ஓஸ்டர்ஹாஃபும் டொடோரோவும் 2008இல் பயன்படுத்திய கணக்கு முறையிலேயே பார்த்தபோது, அந்த நாடுகளைப் பிரித்த பதினொரு வட்டாரங்களிலும் நம்பலாமா என்ற கேள்விதான் முகங்களைப் பிரித்துப் பார்க்கும் முதல் அளவுகோலாக நின்றது. அதே தரவை வேறொரு கணக்கு முறையில் அலசியபோது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது. படங்கள் எல்லாம் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு சென்னைக்காரரும் ஒரு நைரோபிக்காரரும் அமெரிக்க முகங்களைப் பற்றி ஒத்துப்போவது வேறு, தத்தம் ஊர் முகங்களைப் பார்ப்பது வேறு. சீனர்களையும் பிரிட்டிஷ்காரர்களையும் ஒப்பிட்டு கிளேர் சதர்லேண்ட் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். முகத்தைப் பார்த்ததும் தோன்றுவதை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்கள். நெருங்கிப் பழகத்தக்கவரா என்பது இரண்டு பக்கமும் வந்தது. மேற்கத்திய ஆய்வுகளில் வழக்கமாக அடுத்த இடத்தில் வரும் 'அடக்கியாள்பவரா' என்பது சீனர்களிடம் அவ்வளவாக வரவில்லை. கெட்டிக்காரரா என்பதே வந்தது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது கார்மெல் சோஃபர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் கூட்டாகச் செய்த வேலை. பல பெண்களின் முகங்களைக் கணினியில் ஒன்றாகக் கலந்து அந்த ஊரின் 'சராசரி முகம்' ஒன்றை உருவாக்கினார்கள். ஒரு கோடியில் அந்தச் சராசரி முகம், இன்னொரு கோடியில் மிக அழகான முகம். இடையில் படிப்படியாக மாறும் முகங்கள். எது அழகு என்று கேட்டால் மக்கள் அழகான கோடியை நோக்கிப் போனார்கள். யாரை நம்புவீர்கள் என்று கேட்டால் சராசரி முகத்தில் வந்து நின்றார்கள். அழகு இருந்தால் எல்லாம் வந்துவிடும் என்று நாம் நினைப்பது நம்பிக்கை விஷயத்தில் அப்படியே பொருந்தவில்லை. 2017இல் இதையே இஸ்ரேல், ஜப்பான் இரண்டு நாட்டிலும் செய்தார்கள். ஒரு கோடியில் ஜப்பானியச் சராசரி முகம், மறு கோடியில் இஸ்ரேலியச் சராசரி முகம். ஜப்பானியர்கள் தங்கள் பக்கம் சாய்ந்த முகங்களை நம்பினார்கள், இஸ்ரேலியர்கள் தங்கள் பக்கம் சாய்ந்தவற்றை.

இதன் பொருளை நம் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். நம்பத்தக்க முகம் என்று நமக்குத் தோன்றுவதில் பெரும்பங்கு, நாம் பார்த்துப் பழகிய முகம் என்பதுதான். வளர்ந்த தெரு, படித்த பள்ளி, உறவுக்காரர், உடன் வேலை செய்பவர் என்று ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்து மனதுக்குள் ஒரு சராசரி உருவாகியிருக்கிறது. அதிலிருந்து விலகி நிற்கும் முகம் சற்று உறுத்துகிறது, அந்த உறுத்தலையே நாம் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரே மாதிரியான ஆட்களே நிரம்பிய அலுவலகத்தில், வேறு ஊரிலிருந்தோ வேறு சமூகத்திலிருந்தோ வரும் முதல் ஆள் இந்த உறுத்தலுக்கு இரையாகிறார். யாரும் வஞ்சகம் நினைக்க வேண்டியதில்லை, தானாகவே நடந்துவிடும். ஆஸ்திரேலியாவில் இரட்டைப் பிறவிகளை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. ஒருவர் நம்பும் முகமும் இன்னொருவர் நம்பும் முகமும் வேறுபடுவதற்குப் பிறவியைவிட அவரவர் வாழ்ந்த சூழலே பெரிய காரணம் என்று அதில் தெரிந்தது.

கலைகளும் இதில் பங்கு கொள்கின்றன. சீனாவின் பீக்கிங் ஓபரா என்னும் பாட்டு நாடகத்தில் சிவப்பு முகம் விசுவாசியின் முகம், வெள்ளை முகம் சூழ்ச்சிக்காரனுடையது. கதகளியில் பச்சை முகம் உத்தமனுக்கு, சிவப்புத் தாடி துச்சாதனன் போன்ற கொடியவர்களுக்கு. அங்கே வளரும் குழந்தைக்குச் சிவப்பு ஒன்றைச் சொல்கிறது, இங்கே வளரும் குழந்தைக்கு நேர்மாறானதை. வேஷத்தில் இருக்கும்வரை இதில் தீங்கில்லை. கன்னத்தில் வெட்டுத் தழும்பு என்றால் அடியாள் என்று நம் சினிமா பல தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் தீங்கு, ஏனென்றால் உண்மையான விபத்தில் தழும்பு பட்டவர்கள் நம் தெருவில் நடமாடுகிறார்கள். இங்கிலாந்தில் முகத்தில் தழும்பும் குறையும் உள்ளவர்களுக்காக இயங்கும் 'சேஞ்சிங் ஃபேசஸ்' அமைப்பு போராடியதன் பேரில், வில்லனுக்குத் தழும்பு வைக்கும் படங்களுக்கு நிதி தருவதில்லை என்று பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2018இல் அறிவித்தது. நம் ஊரில் இப்படி ஒரு பேச்சாவது எழ வேண்டும் என்பது என் ஆசை.

சிரிப்பும் எல்லா ஊரிலும் ஒரே விலைக்குப் போவதில்லை. போலந்து நாட்டு ஆய்வாளர் குபா கிரிஸ், 44 பண்பாடுகளைச் சேர்ந்தவர்களிடம் சிரிக்கும் முகத்தையும் சிரிக்காத முகத்தையும் காட்டி 2016இல் முடிவுகளை வெளியிட்டார். பெரும்பாலான இடங்களில் சிரிப்பவர்தான் நேர்மையானவர். ஆனால் ஊழல் அதிகம் என்று அளவிடப்பட்ட சமூகங்களில் சிரிப்புக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை குறைந்துவிடுகிறது. அறிவு என்று கேட்டபோது ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் சிரிப்பவர் புத்திசாலி ஆனார், ஜப்பானிலும் ஈரானிலும் இந்தியாவிலும் புத்தி குறைந்தவர் ஆனார். இது எனக்கு வியப்பளிக்கவில்லை. அலுவலக கவுன்டரில் காரணமில்லாமல் சிரித்துப் பேசுகிறார் என்றால் ஏதோ எதிர்பார்க்கிறார் என்று எண்ணும்படி அனுபவம் நம்மைப் பழக்கியிருக்கிறது. சிரிப்பை எங்கே தேடுவது என்பதும் மாறும். ஜப்பானியர்கள் கண்ணைப் பார்த்தும் அமெரிக்கர்கள் வாயைப் பார்த்தும் உணர்ச்சியைப் படிக்கிறார்கள் என்று மசாகி யூகியும் மற்றவர்களும் 2007இல் காட்டினார்கள்.

இனி உங்கள் மேலாளர் சொன்ன அந்த முழி. கண்ணைப் பார்த்துப் பேசாதவர் பொய் சொல்கிறார் என்பது, ஏறத்தாழ உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஒரு நம்பிக்கை. பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் கேட்டு 2006இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் சொன்ன பதில், 'கண்ணைப் பார்க்க மாட்டார்'. இத்தனை பேர் நம்பியும், பொய் சொல்பவர் கண்ணைத் தவிர்ப்பதற்கும் உண்மை சொல்பவர் தவிர்ப்பதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். கூச்சம், பயம், வேலை கிடைக்க வேண்டுமே என்ற பதற்றம், மரியாதை என்று கண் தாழ்வதற்கு நூறு காரணம் உண்டு. பெரியவர்கள் முன்னால் நிமிர்ந்து பார்த்துப் பேசினால் 'திமிர்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர். அதே பிள்ளை நேர்காணலில் மேசையைப் பார்த்துப் பதில் சொன்னால் 'திருட்டு முழி' ஆகிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் இது நீதிமன்றம்வரை போன விஷயம். அங்குள்ள பூர்வகுடி மக்களில் பல குழுக்களிடையே, பெரியவரையோ அதிகாரியையோ நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது மரியாதைக் குறைவு. சாட்சிக்கூண்டில் நிற்கும் பூர்வகுடியினர் கண்ணைத் தாழ்த்தி, கேட்ட கேள்விக்கு நீண்ட மௌனம் காத்து, பிறகு பதில் சொல்வார்கள். கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆமாம் போடுவதும் உண்டு, அது ஒப்புதல் அல்ல, அதிகாரத்தில் இருப்பவரிடம் முரண்படாமல் இருக்கும் பழக்கம். வெள்ளைக்கார ஜூரிகளுக்கு இவையெல்லாம் பொய்யின் அடையாளமாகத் தெரிந்தன. வடக்குப் பிரதேச உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி டீன் மில்ட்ரன், சாட்சியம் தொடங்கும் முன்பே ஜூரிகளுக்கு இந்தப் பழக்கங்களை விளக்கிச் சொல்லும் குறிப்புரை ஒன்றை வகுத்தார். அவர் பெயராலேயே அது 'மில்ட்ரன் அறிவுறுத்தல்' எனப்படுகிறது. மொழியியல் அறிஞர் டயானா ஈட்ஸ் குயின்ஸ்லாந்து வழக்கறிஞர்களுக்காக இதே பொருளில் கையேடு எழுதினார். நம் நாட்டிலும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவு, சாட்சி சொல்பவரின் நடத்தையைப் பற்றி நீதிபதி தேவையெனக் கருதும் குறிப்பைப் பதிவு செய்யச் சொன்னது. அந்தக் குறிப்பை எழுதும் நீதிபதியும் சாட்சியும் வெவ்வேறு வாழ்க்கைச் சூழலிலிருந்து வந்தவர்கள் என்றால் அதில் எது பதிவாகிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது பலிக்குமா என்ற கேள்வி. பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்களின் திறமையைச் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006இல் தொகுத்தார்கள். இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தீர்ப்புகள். சரியாகச் சொன்னது சராசரியாக 54 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். காவல்துறையினர் போல் தொழில்முறையில் ஆட்களை விசாரிப்பவர்களும் கல்லூரி மாணவர்களைவிடக் குறிப்பிடும்படி மேலாகச் செய்யவில்லை. பேச்சும் அசைவும் உள்ள மனிதர்களை வைத்தே இந்த நிலை. அசையாத முகத்தை மட்டும் வைத்து நேர்மையைக் கணித்ததில், மக்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போனார்கள், உண்மையோடு ஒத்துப்போகவில்லை என்று நிக்கோலஸ் ரூல் குழுவினர் 2013இல் எழுதினார்கள்.

அதே ரூல், ஜான் பால் வில்சனுடன் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் பாதித்த ஒன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கொலைக்குற்றத்துக்கு மரண தண்டனை பெற்றவர்கள், ஆயுள் தண்டனை பெற்றவர்கள் இரண்டு தரப்பின் படங்களையும் எடுத்து, யார் என்ன என்று சொல்லாமல் பொதுமக்களிடம் காட்டினார்கள். நம்பகத்தன்மை குறைவு என்று மக்கள் மதிப்பிட்ட முகங்களுக்கே மரண தண்டனை கூடுதலாக விழுந்திருந்தது. அவர்கள் குற்றம் கொடியதாக இருந்திருக்கலாமே, அது முகத்திலும் தெரிந்திருக்கலாமே என்று ஒருவர் வாதிடலாம். அதற்காகவே இன்னொரு தொகுப்பை எடுத்தார்கள்: செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்று, பிறகு நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவர்கள். அவர்களிடையேயும் அதே போக்கு. குற்றமே செய்யாதவர்களில் யாருக்குத் தூக்கு, யாருக்குச் சிறை என்பதில் முகம் பங்கு வகித்திருக்கிறது.

முகத்தில் குணம் பதிந்திருக்கும் என்ற நம்பிக்கைக்கு வரலாறும் நீளம். நம் சாமுத்திரிகா லட்சணம், சீனர்களின் முக சாஸ்திரம், அரபு உலகின் ஃபிராசா, ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டு சுவிஸ் மதபோதகர் லவாட்டர் எழுதியவை என்று பல பெரிய பண்பாடுகளும் இதில் நூல் செய்திருக்கின்றன. உங்கள் மேலாளருக்குச் சொல்ல நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 1831இல் பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய், லவாட்டரின் கொள்கையில் நம்பிக்கை கொண்டவர். தன்னுடன் வர விண்ணப்பித்த இளைஞரின் மூக்கைப் பார்த்து, இப்படி மூக்கு உள்ளவருக்கு நெடும்பயணத்துக்கு வேண்டிய ஊக்கம் இருக்காது என்று சந்தேகப்பட்டார். அந்த இளைஞர் சார்லஸ் டார்வின். அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியது இது.

டார்வினின் உறவினரான ஃபிரான்சிஸ் கால்டன் 1870களில் குற்றவாளியின் மாதிரி முகத்தைக் கண்டுபிடிக்கக் கிளம்பினார். சிறை அதிகாரியிடம் கைதிகளின் படங்களை வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே தகட்டில் பதித்தார். கொலைகார முகம் தெளிவாக எழுந்து நிற்கும் என்று எதிர்பார்த்தார். வந்ததோ தனித்தனிப் படங்களைவிடப் பார்க்க நன்றாக, சாதாரண மனிதர் முகமாக இருந்தது. இப்போது நமக்குக் காரணம் தெரியும்: பலவற்றைக் கலந்தால் சராசரி வரும், சராசரி முகத்தை மனம் நம்பும்.

இந்தப் பழைய செய்தி இன்றைக்கு ஏன் முக்கியம் என்றால், செயற்கை நுண்ணறிவு செய்து தரும் போலி முகங்களும் இந்த வழியில்தான் நம்மை ஏமாற்றுகின்றன. 2022இல் சோஃபி நைட்டிங்கேல், ஹானி ஃபரீத் இருவரும் உண்மையான முகங்களையும் கணினி உருவாக்கிய முகங்களையும் கலந்து காட்டினார்கள். எது போலி என்று மக்களால் பிரிக்க முடியவில்லை. எதை நம்புவீர்கள் என்று ஏழு புள்ளிக்கு மதிப்பிடச் சொன்னபோது உண்மை முகங்களுக்குச் சராசரியாக 4.48, போலி முகங்களுக்கு 4.82. பிறக்கவே இல்லாத மனிதர்களை உயிரோடு இருப்பவர்களைவிடக் கூடுதலாக நம்பினார்கள். அந்த முகங்கள் சராசரியை ஒட்டி அமைவதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. முதலீட்டு ஆலோசகர் என்றும் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றும் வாட்ஸ்அப்பில் வரும் முகப் படங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காதீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். "பார்த்தா நல்ல பையனா தெரியுதே" என்பதைத்தான் மோசடிக்காரர் காசாக்குகிறார்.

உண்மையான மனிதரின் படமும் நம்பத்தக்கதல்ல. ஒரே ஆளின் வெவ்வேறு படங்களைக் காட்டினால், அவர் குணம் பற்றிய மதிப்பீடு படத்துக்குப் படம் கணிசமாக மாறுகிறது என்று டொடோரோவும் ஜென்னி போர்ட்டரும் 2014இல் காட்டினார்கள். ஆதார் அட்டையில் உள்ள உங்கள் படத்தையும் உறவினர் கல்யாணத்தில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குணம் ஒன்றுதான்.

இத்தனையும் சொன்னால் மேலாளர் மாறிவிடுவாரா? இங்கே ஒரு கசப்பான முடிவு இருக்கிறது. முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது தவறு, அது உங்களை அறியாமலே நடக்கும் என்று சோதனையில் பங்கேற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தண்டனை விதிக்கச் சொன்னார்கள், பாஸ்தியான் ஜேகர் குழுவினர், 2020இல். எச்சரிக்கைக்குப் பிறகும் முகம் தன் வேலையைக் காட்டியது. தெரிந்துகொள்வது மட்டும் போதவில்லை. அனுபவமும் திருத்தாது, அதற்குக் காரணம் எளியது. மேலாளர் ஒதுக்கியவர்கள் வேறெங்கோ நாணயமாக வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது அவர் காதுக்கு வராது. அவர் எடுத்தவர்களில் ஒருவர் கையாடல் செய்தால் 'அன்றைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்தது' என்பார். இருபது வருஷம் ஆனாலும் தப்பு தப்பு என்று சொல்லிக்காட்ட அந்த வேலையில் எதுவும் இல்லை.

அதனால் ஏற்பாட்டைத்தான் மாற்ற வேண்டும். விண்ணப்பத்தில் படம் ஒட்டும் கட்டத்தை எடுத்துவிடுங்கள், அடையாளச் சரிபார்ப்பு வேலைக்கு எடுத்த பிறகு போதும். காசாளர் வேலைக்குத் தேவையானதை நேராகச் சோதியுங்கள்: கட்டு எண்ணுவது, கணக்கு முடிப்பது, பணம் குறைந்தால் என்ன செய்வார் என்ற கேள்வி. வருகிற எல்லாருக்கும் அதே கேள்விகள், அதே வரிசையில். முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிப்பது, காவல்துறைச் சரிபார்ப்பு இரண்டையும் விடவேண்டாம். நாணயத்தைக் காக்கும் பெரிய வேலையை வங்கிகள் ஏற்கெனவே முகத்திடம் விடவில்லை. பெட்டகத்துக்கு இரண்டு சாவி வைத்து இரண்டு பேரிடம் கொடுக்கிறார்கள். உங்கள் இடத்திலும் நாள் முடிவில் இன்னொருவர் எண்ணிக் கையெழுத்திடும் முறை இருக்கட்டும்.

நேர்காணலில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்தால், ஒவ்வொரு பதிலுக்கும் அவரவர் தனியாக மதிப்பெண் எழுதி, தாளை மடித்துக் கொடுத்துவிட வேண்டும். கூட்டிப் பார்க்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது, மேலாளர் உட்பட. 'ஆள் எப்படி?' என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணுக்கு மாறாக ஒருவரை ஒதுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.